டைனி டிம்: பழம்பாட்டைச் சுமந்தவர்

2010-ஆம் ஆண்டில் உருவான ‘இன்சிடியஸ்’ என்னும் அமெரிக்கப் பேய்ப்படத்தைப் பார்த்தவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கக்கூடும். அதில் ஒரு காட்சி. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இசை திடீரென்று மாறுகிறது. சிறிய தந்திக் கருவி ஒன்று துள்ளித் துள்ளி ஒலிக்கிறது. அதன்மேல் ஒரு குரல் எழுகிறது. ஆண் குரலோ பெண் குரலோ என்று சொல்ல முடியாத, நடுங்குகின்ற உச்சக் குரல். ஆள் இல்லாத வீட்டுக்குள் யாரோ ஒரு சிறுவன் ஆடுவது சன்னல் வழியே தெரிகிறது. பார்ப்பவர் உடல் சிலிர்க்கிறது.

ஆனால் அந்தப் பாட்டு பேய்ப்பாட்டு அன்று. இரவு நேரத்தில் தன் காதலியை மலர்த்தோட்டத்துக்கு அழைக்கும் ஓர் இளைஞனின் பாட்டு அது. ‘டிப்டோ த்ரூ த டியூலிப்ஸ்’ என்பது அதன் பெயர். அல் டூபின் சொற்களை எழுத, ஜோ பர்க் மெட்டமைக்க, 1929-இல் பிறந்தது. படத்தில் நாம் கேட்கும் குரலுக்கு உரியவர் டைனி டிம். பழைய மக்கட் பாடல்களைத் தவிர வேறொன்றையும் பெரிதாக எண்ணாமல், ஒரு யுகுலேலேயைக் கையில் ஏந்தியபடி வாழ்நாளைக் கழித்தவர்.

இயற்பியல் படிக்கும் எனக்கு அவர் குரல் முதலில் ஒரு கேள்வியாகவே வந்தது. ஒரு மனிதர் ஏன் இப்படிப் பாட வேண்டும்? விடை தேடிச் சென்றபோது, ஒலிப்பதிவின் வரலாறும், ஒரு சிறு கருவியின் வரலாறும், சிரிப்புக்கு இரையான ஒரு கலைஞரின் வரலாறும் ஒன்றாகவே கிடைத்தன. அவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குடியேறியவர் வீட்டுப் பிள்ளை

டைனி டிம்மின் இயற்பெயர் ஹெர்பர்ட் பூட்ரோஸ் கூரி. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை லெபனான் நாட்டுப் பெய்ரூட்டிலிருந்து வந்தவர், கிறிஸ்தவர். தாய் இன்றைய பெலாரஸ் நாட்டில் உள்ள பிரெஸ்ட் நகரப் பகுதியிலிருந்து வந்த யூதப் பெண்மணி. இருவரும் துணித் தொழிலில் உழைத்துப் பிழைத்தவர்கள். வீட்டில் செல்வம் இல்லை.

சிறுவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, தந்தை ஒரு பழைய கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாவி கொடுத்தால் சுழலும் பெட்டி. அதனுடன் ஹென்றி பர் என்பவர் பாடிய இசைத்தட்டு ஒன்றும் வந்தது. அது முதல் உலகப் போர் முடிந்த காலத்துப் பாட்டு. சிறுவன் பிறப்பதற்கு முன்பே பழையதாகிவிட்ட பாட்டு. அவன் அந்தப் பெட்டியின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்தான். கிட்டாரைத் தானே கற்றான். பிறகு வயலின், மாண்டலின், யுகுலேலே.

அடுத்து அவன் செய்ததுதான் நம்மைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டியது. நியூயார்க் பொது நூலகத்துக்குச் சென்று, கிராமபோன் தொழிலின் வரலாற்றையும், அதன் முதல் தலைமுறைப் பாடகர்களைப் பற்றிய செய்திகளையும் தேடித் தேடிப் படித்தான். பழைய பாட்டுத்தாள்களைப் படியெடுத்தான். எந்தப் பாட்டை எந்த ஆண்டில் யார் பாடினார், எந்தத் தட்டில் வந்தது என்பதெல்லாம் அவன் நாவின் நுனியில் இருந்தன. பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளை ஓர் ஆராய்ச்சி மாணவனின் உழைப்பை உழைத்தான்.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் படிக்கும் எனக்கு இச்செய்தி தனியாகப் படுகிறது. அவன் பெற்றோர் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். அந்தப் பாடல்கள் அவர்கள் தாலாட்டில் வந்தவை அல்ல. ஆயினும் அமெரிக்கர் மறந்துகொண்டிருந்த அமெரிக்கப் பாட்டை, குடியேறியவர் வீட்டுப் பிள்ளை தன் சொத்தாக எடுத்துக்கொண்டான். இசைக்கு வாரிசு உரிமை பிறப்பால் மட்டும் வருவது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புனலுக்கு முன் பாடிய காலம்

இனிக் குரலுக்கு வருவோம். டைனி டிம்மின் இயல்பான குரல் தடித்த ஆண்குரல். அதிலும் அவர் நன்றாகப் பாடுவார். உச்சக் குரல் அவர் 1950-களில் தாமே கண்டுபிடித்துக்கொண்டது. நம் சங்கீத வழக்கில் அதைப் பொய்க்குரல் என்போம். குரல்நாண்கள் முழுத் தடிப்புடன் அதிராமல், இழுத்து மெலிந்த நிலையில் விளிம்புகள் மட்டும் அதிரும்போது அது பிறக்கிறது.

அந்தக் குரலை அவர் எங்கிருந்து எடுத்தார்? பழைய இசைத்தட்டுகளிலிருந்தே எடுத்தார். ஆனால் அந்தத் தட்டுகளில் குரல்கள் ஏன் அப்படி இருந்தன? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

1925-க்கு முன்பு ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமே இல்லை. ஒலிவாங்கி இல்லை, பெருக்கி இல்லை. பாடகர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். புனலின் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு. ஒலியலை மோதியதும் தகடு அதிரும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கீறும். பாடகரின் மூச்சு விசைதான் ஊசியைத் தள்ளிற்று. வேறு விசை எதுவும் கிடையாது.

மனிதச் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை உணரும் என்று படித்திருக்கிறோம். புனல் முறையிலோ ஏறத்தாழ 200-இலிருந்து 2,500 வரையுள்ள அதிர்வுகளே தட்டில் ஏறின. கீழே உள்ள கனத்த ஒலிகள் தகட்டை அசைக்கவில்லை. மேலே உள்ள கூரிய ஒலிகள் பதியவில்லை. ‘ஸ’ என்னும் ஒலியின் சீறல் முழுவதும் இந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. ஆகவே தடித்த குரலுடையவர் தட்டில் மங்கினார். டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரல் தெளிவாக நின்றது. ஒவ்வோர் எழுத்தையும் கடித்துத் துப்புவதுபோல் உச்சரித்தால்தான் சொல் விளங்கும். ஹென்றி பர், பில்லி மர்ரி, பைரன் ஹார்லன் முதலானோர் அக்கலையில் தேர்ந்தவர்கள். நம் நாடக மேடையிலும் ஒலிபெருக்கி வருவதற்கு முன், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டி, கிட்டப்பா போன்றவர்கள் உச்சத்தில் பாடியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தேவை வேறு, விளைவு ஒன்றே.

1925-இல் மின்சார ஒலிப்பதிவு வாணிகத்துக்கு வந்தது. ஒலிவாங்கி வந்ததும் பாடகர் கத்த வேண்டிய தேவை நீங்கியது. காதோடு பேசுவதுபோல் மெல்லப் பாடும் முறை பிறந்தது. பிங் கிராஸ்பியும் ரஸ் கொலம்போவும் அம்முறையில் புகழ் பெற்றார்கள். ரூடி வாலி என்பவர் மேடையில் ஒரு சிறு கைப்புனலை வாயருகே வைத்துப் பாடிப் பெயர் பெற்றார். டைனி டிம் இந்த இரண்டு காலத்தையும் கற்றார். புனலின் முன் உரக்கப் பாடியவரைப் போலவும் பாடுவார். ஒலிவாங்கியின் முன் உருகியவரைப் போலவும் பாடுவார்.

எங்கள் பயிற்சிக்கூடத்தில், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் படமாகக் காட்டும் கணினி நிரல் ஒன்று இருக்கிறது. ஒரு மாலை ஹென்றி பர்ரின் பழைய தட்டொன்றின் ஒலிப்படியை அதில் இட்டுப் பார்த்தேன். திரையின் நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும் ஒளிர்ந்தது. அதற்கு மேலே ஊசியின் சரசரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. குரலின் பெரும் பகுதியை அக்காலத்துக் கருவி விழுங்கிவிட்டது; எஞ்சியதே அந்தப் பட்டை. ஐந்து வயதுச் சிறுவன் காதில் விழுந்தது அந்த எஞ்சிய பட்டைதான். அவன் அதையே முழுக் குரல் என்று நேசித்தான். வளர்ந்தபின் தன் தொண்டையிலிருந்து அதையே எழுப்பினான். நமக்கு விந்தையாகக் கேட்கும் அந்த நடுக்கக் குரல் ஒருவகையில் பழைய புனலின் குரல்.

தாவும் தெள்ளு

அவர் கையிலிருந்த கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், போர்ச்சுகல் நாட்டுக்குரிய மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹவாய் தீவின் ஹொனலூலு துறையை அடைந்தது. அதில் வந்தவர்களுள் மானுவேல் நூனெஸ் முதலிய தச்சர் மூவர் இருந்தார்கள். தங்கள் ஊரின் சிறு கிட்டாரைப் பின்பற்றி அவர்கள் ஹவாயில் செய்து விற்ற கருவியே யுகுலேலே. ‘தாவும் தெள்ளு’ என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தந்திகள்மேல் விரல் தாவும் விரைவைக் கண்டு வைத்த பெயராம்.

1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. ஹவாய் இசைக்குழுவினர் அங்கே வாசித்தார்கள். அமெரிக்கா மயங்கிற்று. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்லூரி மாணவர் பலர் கையில் யுகுலேலே ஏறியது. விலை குறைவு, எடை குறைவு, கற்பது எளிது. மே சிங்கி பிரீன் என்னும் அம்மையாரின் முயற்சியால், பதிப்பகத்தார் பாட்டுத்தாள்களிலேயே யுகுலேலேக்கு விரல் வைக்கும் படங்களை அச்சிட்டார்கள்.

கருவியின் அமைப்பையும் பார்ப்போம். நான்கு தந்திகள். வழக்கமான சுருதியில் அவற்றின் அதிர்வெண்கள் முறையே 392, 262, 330, 440. இறங்கு வரிசையாகவோ ஏறு வரிசையாகவோ இல்லாமல், மேலே இருக்கும் தந்தியும் உயர்ந்த ஒலி தருவது இதன் இயல்பு. கனத்த மந்தரத் தந்தி இதில் கிடையாது. ஆகவே இது பாடகரின் குரலை மூடுவதில்லை. குரலுக்கு அடியில் ஒரு மெல்லிய துள்ளலைத் தந்துவிட்டு விலகி நிற்கிறது. மிகத் தாழ்ந்த தந்தியும் 262 அதிர்வு உடையது என்பதால், பழைய புனலின் எல்லைக்குள்ளேயே இதன் தந்தி அனைத்தும் அடங்குகின்றன. பழைய பாட்டைத் தனி ஆளாகச் சுமக்க விரும்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைத்திருக்குமா? ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். அவர் அப்படித்தான் எடுத்துச் சென்றார்.

ஏற்றம்

ஏற்றம் எளிதில் வரவில்லை. 1950-களில் போட்டி மேடைகளிலும் சிற்றரங்குகளிலும் பல பெயர்களில் பாடினார். 1959-இல் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகில் இருந்த ஹூபர்ட் காட்சியகத்தில், ‘பாடும் கேனரிப் பறவை லாரி லவ்’ என்ற பெயரில் நின்றார். விந்தை மனிதர்களைக் காசுக்குக் காட்டும் இடம் அது. கிரீனிச் வில்லேஜ் பகுதியின் காப்பி விடுதிகளில் பாடிய நாட்களில், அதே விடுதியில் வாசித்த பாப் டிலனுடன் சமையலறையில் உருளைக்கிழங்கு வறுவலைப் பகிர்ந்து உண்டார். டிலன் 2004-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதைக் குறிப்பிடுகிறார். ஆறடிக்கு மேல் உயரமான அவருக்கு ‘குட்டி டிம்’ என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டதும் இக்காலத்தில்தான்.

1968 அவர் ஆண்டு. ‘லாஃப்-இன்’ என்னும் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொடக்க ஒளிபரப்பிலேயே தோன்றினார். தோள்வரை சுருண்ட முடி, வெளுத்த முகப்பூச்சு, பெரிய மூக்கு, கையில் யுகுலேலே. நாடே பார்த்தது, நாடே சிரித்தது. அதே ஆண்டில் ரிச்சர்ட் பெர்ரியின் தயாரிப்பில் ‘காட் பிளெஸ் டைனி டிம்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. டியூலிப் பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடத்தை அடைந்தது. அந்தத் தட்டில், 1910-களைச் சேர்ந்த ஒரு காதல் உரையாடற் பாட்டில் ஆண் குரலையும் பெண் குரலையும் அவர் ஒருவரே பாடியிருக்கிறார். கேட்டால் இருவர் என்றே தோன்றும். அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பாடினார். பீட்டில்ஸ் குழுவினர் தம் அன்பர் மன்றத்துக்கு அனுப்பிய அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் தட்டிலும் அவர் குரல் இடம்பெற்றது.

1969 டிசம்பர் 17-ஆம் நாள் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே அவர் திருமணம் நடந்தது. ஏறத்தாழ 4 கோடி மக்கள் அதைக் கண்டதாகக் கணக்கிட்டார்கள். அத்தனை ஆரவாரத்துக்கிடையே ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. அன்று அங்கே வந்து டியூலிப் பாட்டைப் பாடியவர் நிக் லூகாஸ். 1929-இல் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’ திரைப்படத்தில் அதை முதன்முதல் பாடிப் புகழ் பெற்றவர் அவரே. அந்தத் திரைப்படச் சுருளின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று; தனியே பதிவு செய்த ஒலித்தட்டுகளே தப்பின. நாற்பது ஆண்டுக்கு முந்திய பாடகர் தம் பாட்டைக் கோடிக்கணக்கானவர் முன் மீண்டும் பாட வாய்ப்புப் பெற்றார். அந்த மேடையைத் தந்தது டைனி டிம்மின் திருமணம். நகைப்புக்காக வந்த கூட்டத்துக்கு அவர் வரலாற்றைக் காட்டினார் என்றே நான் கொள்கிறேன்.

சிரிப்பின் விலை

சிரிப்பைக் கொண்டு உயர்ந்தவரை, சிரித்து முடித்ததும் கீழே விட்டுவிடுவது சந்தையின் இயல்பு. 1970-இல் வைட் தீவு விழாவில் கைப்புனல் கொண்டு பாடி இலட்சக்கணக்கான இளைஞரைக் கவர்ந்தார். அதற்குப் பின் இறக்கம். பெரிய நிறுவனங்களின் தட்டுகள் நின்றன. சிற்றூர் அரங்குகள், விடுதிகள், விழாக்கள் என்று அலைந்தார். 1985-இல் ஊர் ஊராகச் செல்லும் ஒரு சர்க்கஸில் சேர்ந்து பாடினார்.

அவர் தோற்றத்தைக் கண்டு சிரித்தவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. அவர் நடிக்கிறாரா, உண்மையாகவே இப்படியா என்பதே அவர்கள் கேள்வியாக இருந்தது. சிறு வயது முதல் கற்றது எத்தனை பாட்டு, அவை யாருடையவை என்று கேட்டவர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் மார்ட்டின் ஷார்ப் என்னும் ஆஸ்திரேலிய ஓவியர். அவர் ஏற்பாட்டில் 1979 ஜனவரியில் சிட்னி நகரின் லூனா பூங்காவில் டைனி டிம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நிற்காமல் பாடினார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கையில் தாள் இல்லாமல். ஒரு மனிதர் நூலகமாக இருக்க முடியும் என்பதைக் காண விரும்புவோர்க்கு அந்த மாலை ஒன்றே போதும்.

தோழர்களே, நம்மிடையேயும் இச்சிரிப்பு இல்லாமல் இல்லை. விடுதி அறையில் ஒருவன் பழைய பாட்டைப் போட்டால், ‘தாத்தா வந்துவிட்டார்’ என்று கேலி செய்கிறோம். கேலி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அன்பும் அதில் இருக்கிறது. ஆனால் சிரித்தபின் அந்தப் பாட்டு எது என்று கேட்கிறோமா? கேட்டால் கேலி உரையாடல் ஆகிறது. கேட்காவிட்டால் அடுத்த முறை அவன் காதொலிக் கருவியை மாட்டிக்கொள்கிறான். பாட்டு ஒருவனுக்குள் அடைபடுகிறது.

கடைசி மேடை

1996-இல் ‘பிரேவ் காம்போ’ என்னும் குழுவினருடன் சேர்ந்து அவர் பாடிய ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதில் அவர் பெரும்பாலும் தம் இயல்பான ஆண்குரலில் பாடுகிறார். உச்சக் குரலை மட்டும் அறிந்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். அவர் எதைத் தேர்ந்து செய்தார், எதைச் செய்ய முடியாமல் செய்தார் என்ற ஐயம் அங்கே தீரும்.

அவ்வாண்டு செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மான்டேகு ஊரில் யுகுலேலே விழா ஒன்று நடந்தது. அங்கே அவர் மாரடைப்பால் சாய்ந்தார். இனி மேடை ஏற வேண்டாம் என்று மருத்துவர் அறிவுறுத்தினர். அவர் கேட்கவில்லை. நவம்பர் 30-ஆம் நாள் மினியாபொலிஸ் நகரின் மகளிர் மன்ற விழாவில் டியூலிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது தளர்ந்தார். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 64.

அவர் இறந்தபின்பும் பாட்டு நிற்கவில்லை. 1999-இல் ‘ஸ்பாஞ்ச்பாப்’ என்னும் சிறுவர் கேலிச்சித்திரத் தொடரின் முதற் பகுதியில், அவர் முதல் தட்டிலிருந்த வேறொரு பழம்பாட்டு ஒலித்தது. குழந்தைகள் மகிழ்ந்தனர். பின்னர்ப் பேய்ப்படம் வந்தது, பெரியவர்கள் அஞ்சினர். 2016-இல் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாறும், 2020-இல் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தன. ஒரே தட்டின் ஒரு பாட்டு குழந்தையைச் சிரிக்க வைக்கிறது. மற்றொன்று வளர்ந்தவரை அச்சுறுத்துகிறது. இரண்டிலும் குரல் மாறவில்லை; நம் காதுதான் மாறியிருக்கிறது. பழைய ஒலி நமக்குப் பழக்கமற்றதாகும்போது வேடிக்கையாகிறது. மேலும் தொலைவு போனால் பேயாகிறது. அந்தத் தொலைவைக் குறைப்பதற்கே அவர் பாடினார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள முதியவர்களிடம் அவர்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். யார் பாடியது, எந்த நாடகம் அல்லது படம், எந்த ஆண்டு, முதலில் எங்கே கேட்டார்கள் என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். இன்று அதற்குப் புனலும் மெழுகும் வேண்டாம்; சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி போதும். அடுத்த பருவத் தொடக்கத்தில் சங்க அறையில் கூடி ஒவ்வொன்றாகக் கேட்போம். பாடத் தெரிந்தவர் பாடலாம். யுகுலேலே வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அதையும் கொண்டு வரலாம்.